வாக்குச்சீட்டுக்கு முந்தைய தராசு: இடுக்கி எல்லையில் சபை, நிலம், வேட்பாளர்

2014 மார்ச்சில் இடுக்கி மக்களவைத் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் டீன் குரியாகோஸ், ஆதரவு வேண்டி இடுக்கி மறைமாவட்டத்தின் ஆயர் மார் மாத்யூ ஆனிக்குழிக்காட்டிலைச் சந்திக்கச் சென்றார். அவர் அப்போது இளைஞர் காங்கிரஸின் மாநிலத் தலைவர். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் மலைக்கிராமங்களின் வாக்கை நம்பிக் களமிறக்கப்பட்டவர். கஸ்தூரிரங்கன் அறிக்கை விவகாரத்தில் காங்கிரஸ் நடந்துகொண்ட விதத்துக்காக, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையிலேயே ஆயர் அவரைக் கடிந்துகொண்டார். வேட்பாளர் பெரும்பாலும் மௌனமாக நின்றார். அன்றிரவு கேரளத்தின் எல்லாச் செய்தி அலைவரிசைகளிலும் அக்காட்சி ஓடியது.

அக்காட்சியில் இடம்பெறாத ஒருவர் இருந்தார். தொகுதியின் நடப்பு உறுப்பினர் பி.டி. தாமஸ் 2009-இல் 74,796 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். இடுக்கியின் உப்புத்தோட்டில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு மீண்டும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. ஆயரின் கோபத்தைக் கேமரா பதிவு செய்வதற்கு முன்பே, அக்கோபத்தின் முதன்மையான விளைவு நிகழ்ந்து முடிந்திருந்தது. இடுக்கியில் மதநம்பிக்கையும் தேர்தலும் எவ்வாறு உறவு கொள்கின்றன என்பதை வாக்கு எண்ணிக்கையில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மறுபாதி, வேட்பாளர் பட்டியல் உருவாகும் வாரங்களில் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த வாரங்கள் பொதுவெளியில் நிகழ்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் சட்டமாக்கிய முதனிலைத் தேர்தல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கட்சி முதலாளிகளிடமிருந்து வாக்காளரிடம் மாற்றுவதற்காக வந்தது. அதனால் அங்கே மதநம்பிக்கையாளர்களின் விருப்பத்தை எண்ணிப் பார்க்க முடிகிறது. அயோவாவில் குடியரசுக் கட்சியினரின் தேர்வில் 2008-இல் மைக் ஹக்கபி, 2012-இல் ரிக் சான்டோரம், 2016-இல் டெட் க்ரூஸ் என மூன்று முறையும் நற்செய்திச் சபையினரின் ஆதரவு பெற்றவர்களே வென்றார்கள். மூவரில் ஒருவரும் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகவில்லை. 2016-இல் வேட்பாளராக வந்தவர் டொனால்ட் டிரம்ப். பக்தியில் தங்களைப் போன்றவர் யார் என்ற கேள்வியோடு தொடங்கிய வாக்காளர்கள், தங்களைப் பாதுகாக்க வல்லவர் யார் என்ற கேள்விக்கு நகர்ந்ததை அந்தத் தேர்தல் வெளிப்படையாகக் காட்டியது.

இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு இல்லை. வேட்பாளரை மாநிலக் குழுவும் தில்லித் தலைமையும் முடிவு செய்கின்றன. ஆனால் எடைபோடுதல் நின்றுவிடுவதில்லை. அது கதவுக்குப் பின்னால் நடக்கிறது, அவ்வளவுதான். இதில் சட்டத்தின் ஓர் இடைவெளியும் உண்டு. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு ஊழல் நடவடிக்கையாகக் கருதுகிறது. 2017 ஜனவரியில் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4–3 என்ற பெரும்பான்மையில் அதன் வீச்சை மேலும் விரிவாக்கியது. எனினும் அச்சட்டத்தின்படி ஒருவர் ‘வேட்பாளர்’ ஆவது முறையாக நியமிக்கப்பட்ட பிறகே. நியமனத்துக்கு முந்தைய பேரம், விலக்கு, பரிந்துரை ஆகியவற்றை அந்தப் பிரிவு தொடுவதில்லை. தமிழின் ‘வேட்பாளர்’, மலையாளத்தின் ‘ஸ்தானார்த்தி’ ஆகிய இரு சொற்களும் பதவியை நாடுபவர் என்றே பொருள் தருகின்றன. அந்த நபரை வேறு யாரோ நாடித் தேர்ந்திருப்பதை இரண்டு சொற்களும் மறைத்துவிடுகின்றன.

இடுக்கியின் கத்தோலிக்க வாக்காளரைப் புரிந்துகொள்ள அவருடைய நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தின்போது, உணவு விளைவிக்கக் காட்டு நிலங்களைத் திருவிதாங்கூர் அரசு திறந்துவிட்டது. பாலா, காஞ்ஞிரப்பள்ளி, மூவாற்றுப்புழைப் பகுதிகளின் சிரியன் கத்தோலிக்க விவசாயிகள் மலையேறினார்கள். 1950-களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு குடியேற்றத் திட்டங்களையே வகுத்தது. நெடுங்கண்டம் அருகே இன்றும் ‘பட்டம் காலனி’ என்ற பெயர் நிற்கிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்க வேண்டுமென்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலம் அது. மலையில் மலையாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் நோக்கம் அத்திட்டங்களுக்கு இருந்தது என்று தமிழ்த் தரப்பு அன்றே குற்றம்சாட்டியது. அக்குற்றச்சாட்டைப் புறந்தள்ளுவது எளிதல்ல. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அவ்விரு வட்டங்களையும் கேரளத்துக்கே பரிந்துரைத்தது.

ஆக, குடியேறியவர்களின் நிலம் அரசின் அழைப்பால் வந்தது. ஆனால் பலருக்குப் பத்திரம் வரவில்லை. மலையாளத்தில் ‘குடியேற்றம்’, ‘கையேற்றம்’ என்று இரு சொற்கள் உண்டு. முன்னது குடியேறிப் பயிர் செய்தலைக் குறிக்கும், பின்னது ஆக்கிரமிப்பை. ஓசையில் ஓரசை மட்டுமே வேறுபடும் இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் இடுக்கியின் அரசியல் அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு குடும்பம் எந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்பதைப் பட்டயம் தீர்மானிக்கிறது; பட்டயத்தை அரசு தீர்மானிக்கிறது; அரசிடம் பேசும் ஆள் யார் என்பதைப் பங்குக்கோயிலின் வளாகம் தீர்மானிக்கிறது. பாதையும் பள்ளிக்கூடமும் வருவதற்கு முன்பே கோயில் வந்துவிட்ட ஊர்களில் வேறு மன்றம் எதுவும் இருக்கவில்லை.

1961-ஆம் ஆண்டு இதற்கு முதல் சான்று. இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, குமுளி அருகே அமராவதியில் கொட்டும் மழையில் விடப்பட்டன. அப்போது முதலமைச்சர், குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த அதே பட்டம் தாணுப்பிள்ளை. அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். அவருக்குத் துணையாக நின்றவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஜோசப் வடக்கன். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1959-இன் விமோசனப் போராட்டத்தில், கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கியவர்களில் வடக்கன் முன்னணியில் இருந்தார். பின்னர் அவர் தொடங்கிய கர்ஷகத் தொழிலாளி கட்சி, 1967-இல் இ.எம்.எஸ். தலைமையிலான ஏழு கட்சிக் கூட்டணியில் சேர்ந்து அமைச்சர் பதவியும் பெற்றது. நாத்திகக் கட்சிக்கு வாக்களிப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், வெளியேற்றத்தின் முன் அந்தக் கட்சியின் தலைவரோடு ஒரே பந்தலில் அமர்ந்தது. கொள்கை மாற்றம் என்று இதை விளக்குவது பொருந்தாது. அளவுகோல் முன்பும் பின்பும் ஒன்றாகவே இருந்தது: நிலத்தை யார் காப்பார்?

அதே அளவுகோல் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வெளிப்பட்டது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதை மறுஆய்வு செய்ய அமைந்த கஸ்தூரிரங்கன் குழு 2013 ஏப்ரலில் தன் அறிக்கையைக் கொடுத்தது. மலைத்தொடரின் ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பரப்பை, அதாவது சுமார் 60,000 சதுர கிலோமீட்டரை, சூழல் உணர்திறன் பகுதியாக அறிவிக்க அது பரிந்துரைத்தது. கேரளத்தில் 123 கிராமங்கள் அந்த வரைபடத்துக்குள் வந்தன. 2013 நவம்பர் 13 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதன் அடிப்படையில் உத்தரவு பிறப்பித்ததும் இடுக்கி மலைகள் கொதித்தன. அறிக்கையின் நுணுக்கங்கள் மக்களைச் சென்றடையவில்லை. குவாரி, பெருங்கட்டுமானம், மாசுமிகு ஆலை ஆகியவற்றுக்கான தடைகள், ‘வீடு கட்ட முடியாது, மாடு வளர்க்க முடியாது, பட்டயம் கிடைக்காது’ என்ற அச்சமாக மாறி ஊர் ஊராகப் பரவின. அச்சத்தில் மிகை இருந்தது. ஆனால் அமராவதியை நேரில் கண்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அரசின் வரைபடத்தை நம்பச் சொல்வதும் எளிதாக இருந்திருக்காது.

எதிர்ப்பை ஒருங்கிணைத்தது ஹைரேஞ்ச் சம்ரட்சண சமிதி. 2003-இல் செயல்படத் தொடங்கிய இளம் மறைமாவட்டமான இடுக்கியின் பாதிரியார்கள் அதன் முன்வரிசையில் நின்றார்கள். பிற சமூக அமைப்புகளும் உடனிருந்தன. பி.டி. தாமஸ் மட்டும் காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். அவருக்கு உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டி இறுதி ஊர்வலம் நடத்தப்பட்டது. அவர் திருச்சபையின் எதிரி என்று சொல்லப்பட்டார். ஞானஸ்நானம் பெற்றவர், ஊர்க்காரர், விவசாயி மகன் என்ற தகுதிகளில் ஒன்றும் தராசில் ஏறவில்லை.

காங்கிரஸின் கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. கூட்டணிக் கட்சியான கேரள காங்கிரஸ் (எம்) தொகுதியைப் பிரான்சிஸ் ஜார்ஜுக்காகக் கேட்டது, காங்கிரஸ் கொடுக்கவில்லை. நடப்பு உறுப்பினரை விலக்கி, புதுமுகமான ஓர் இளைஞரை நிறுத்தியது. சபையின் கோபம் நபர்மீதுதான் என்றும் நபரை மாற்றினால் கோபம் தணியும் என்றும் கட்சி நம்பியது. சமிதி வேறுவிதமாகக் கணக்கிட்டிருந்தது. அது தன் சட்ட ஆலோசகரான வழக்கறிஞர் ஜாய்ஸ் ஜார்ஜை முன்னிறுத்த, இடது முன்னணி அவரைச் சுயேச்சையாக ஏற்றுக்கொண்டது. நம்பிக்கையாளர்கள் முன் இரு வேட்பாளர்கள் நின்றார்கள்; இருவருமே கிறிஸ்தவர்கள், இருவருமே இளைஞர்கள். மதம் அவர்களைப் பிரித்துக்காட்டவில்லை. அறிக்கை பிரித்துக்காட்டியது. ஜாய்ஸ் ஜார்ஜ் 3,82,019 வாக்குகளும் டீன் குரியாகோஸ் 3,31,477 வாக்குகளும் பெற்றார்கள், வித்தியாசம் 50,542.

ஆயர் கடிந்துகொண்ட நிகழ்ச்சிக்குப் பின், காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் வி.டி. பல்ராம் முகநூலில் ஆயரைக் குறித்து ‘நிகிருஷ்ட ஜீவி’, அதாவது இழிபிறவி, என்ற தொடரைப் பயன்படுத்தினார். அத்தொடருக்குக் கேரள அரசியலில் ஒரு முன்வரலாறு உண்டு. 2007-இல் தாமரச்சேரி ஆயரைப் பற்றி அதைச் சொன்னவர் அன்றைய மார்க்சிஸ்ட் மாநிலச் செயலாளர் பினராயி விஜயன். அன்று அதைக் கண்டித்தவர்களில் காங்கிரஸ்காரர்கள் நிறையப் பேர். ஏழாண்டுகளில் ஒரு வசைச்சொல் முகாம் மாறியது. சபைக்கும் கட்சிகளுக்கும் உள்ள உறவு எவ்வளவு தற்காலிகமானது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைப்பது அரிது.

2019-இல் அதே இருவர் மீண்டும் மோதினர். இம்முறை டீன் குரியாகோஸ் 1,71,053 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ராகுல் காந்தி வயநாட்டில் போட்டியிட்ட அலையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 20-இல் 19 தொகுதிகளை வென்ற தேர்தல் அது; ஆகவே முழுக் காரணத்தையும் இடுக்கிக்குள் தேடக்கூடாது. என்றாலும் சில உள்ளூர் மாற்றங்கள் இருந்தன. ஆயர் ஆனிக்குழிக்காட்டில் 2018-இல் ஓய்வுபெற்றிருந்தார். மாநில ஆட்சி இடது முன்னணியிடம் இருந்ததால், பட்டயத் தாமதத்துக்கும் கட்டுமானத் தடைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இடம் மாறியிருந்தார்கள். 2018 ஆகஸ்டின் பெருமழையில் 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகு திறந்தது. மலைச்சரிவுகள் வீடுகளை விழுங்கின. 2024-இல் மூன்றாம் முறையாக அதே இருவர். டீன் 1,33,727 வாக்குகளில் வென்றார். பத்தாண்டுகளில் ஒரே மக்கள், ஒரே கோயில்கள், ஒரே இரு வேட்பாளர்கள், எதிரெதிரான முடிவுகள். ‘கத்தோலிக்க வாக்கு வங்கி’ என்ற சொற்றொடரால் இதை விளக்க முடியாது. வங்கியில் போட்ட பணம் இப்படி நடந்துகொள்வதில்லை.

பி.டி. தாமஸ் இடுக்கியை விட்டு எர்ணாகுளம் மாவட்டத்தின் திருக்காக்கரைக்குச் சென்று 2016, 2021 ஆகிய இரு சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றார். 2021 டிசம்பர் 22 அன்று இறந்தார். அவருடைய விருப்பப்படி மதச்சடங்கின்றி உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியின் ஒரு பகுதி உப்புத்தோடு கோயில் கல்லறைத் தோட்டத்தில் தாயின் கல்லறையில் வைக்கப்பட்டது.

எல்லையின் மற்றொரு முனையான பாலக்காட்டில் இந்தக் கதை அப்படியே திரும்பவில்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஊராட்சிகளின் தமிழ் பேசும் மக்களிடையே லத்தீன் கத்தோலிக்கர் கணிசமாக உண்டு. 2013 டிசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அவர்களுக்காக அமைந்தது. ஆனால் சித்தூர் தொகுதியில் வேட்பாளரை எடைபோடும் கல் தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அதை யார் பெற்றுத்தருவார் என்பதே மேடைகளின் பேச்சு. அங்கே நிலத்துக்குப் பத்திரம் உண்டு, நீர்தான் இல்லை. ஆகவே பரிந்து பேசப் பங்குத்தந்தை தேவைப்படவில்லை. பாசனம் தெரிந்த அரசியல்வாதி தேவைப்பட்டார்.

மீண்டும் இடுக்கிக்கு, ஆனால் வேறொரு மக்களிடம். மூணாறைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களின் தமிழர்களுக்குக் குடியேற்றமும் இல்லை, கையேற்றமும் இல்லை. அவர்கள் கம்பெனியின் லயங்களில் வசிக்கிறார்கள். ஓய்வுபெற்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவு விழுந்தது இப்படிப்பட்ட லயங்களின்மீதுதான். பட்டயத்துக்கான மாபெரும் கிளர்ச்சியில் காக்க வேண்டிய பட்டயமே இல்லாத இவர்களுக்கு என்ன பங்கு என்று 2014-இல் கேட்டவர்கள் குறைவு.

இவர்களின் அரசியல் வரலாறும் தனித்தது. 1957-இல் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவர் காஞ்ஞிரப்பள்ளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதலைப் போராளி அக்கம்மா செறியானின் தங்கை. எதிர்வேட்பாளர் பி.கே. நாயரின் மனு தவறாக நிராகரிக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கில் அத்தேர்தல் செல்லாததாக, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. 126 பேர் கொண்ட அவையில் 65 பேரின் ஆதரவோடு நின்ற இ.எம்.எஸ். அரசுக்கு ஒவ்வோர் இடமும் உயிர். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறி வந்து பாடினார். அவருடைய தம்பி இளையராஜா அந்நாட்களைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ரோசம்மா மீண்டும் வென்றார். கத்தோலிக்கச் சபை கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகத் திரண்டுகொண்டிருந்த அதே மாதங்களில், கத்தோலிக்கராகப் பிறந்த ஒரு கம்யூனிஸ்டைத் தமிழ்த் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய வேட்பாளர் தேர்வு அன்றும் இன்றும் தொழிற்சங்க அலுவலகத்தில் நடக்கிறது, ஆயரகத்தில் அல்ல.

ஆனால் தொழிற்சங்கத்துக்கும் முன்னதாக ஒரு சல்லடை உண்டு. தேவிகுளம் இன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் மறுபடியும் அதே கேள்வியை ஆராய அமைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் ஒரே சாதியைச் சேர்ந்த இரு குடும்பங்கள் அடுத்தடுத்த லயத்தில் வசிக்கும். ஒன்று மாரியம்மன் கோயிலுக்கும் மற்றொன்று சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் போகும். இரண்டுக்குமே வாக்குரிமை உண்டு. ஒன்றிலிருந்து மட்டுமே வேட்பாளர் வர முடியும்.

2021-இல் மூன்று முறை உறுப்பினராக இருந்த எஸ். ராஜேந்திரனுக்கு மார்க்சிஸ்ட் கட்சியின் இருமுறை வரம்பு குறுக்கே நின்றது. வழக்கறிஞர் அ. ராஜா வேட்பாளராகி, காங்கிரஸின் டி. குமாரை 7,848 வாக்குகளில் தோற்கடித்தார். ராஜாவுக்கு எதிராக வேலை செய்தார் என்று உட்கட்சி விசாரணை கண்டதையடுத்து, 2022 ஜனவரியில் ராஜேந்திரன் ஓராண்டுக்கு இடைநீக்கப்பட்டார். வேட்பாளர் தேர்வின் காயம் கட்சிக்குள் இப்படி வெளிவந்தது. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். ‘கடவுளின் பெயரால்’ என்றோ ‘உளமார’ என்றோ அந்த வாசகத்தில் இல்லை என்பதால், 2021 ஜூன் 2 அன்று மறுபடியும் ஏற்க நேர்ந்தது. மொழிபெயர்ப்பில் விடுபட்டுப்போன அக்கேள்வி விரைவிலேயே நீதிமன்றத்தில் வேறு வடிவில் எழுந்தது.

ராஜா கிறிஸ்தவர் என்றும், ஆகவே ஒதுக்கீட்டுத் தொகுதியில் போட்டியிடத் தகுதியற்றவர் என்றும் குமார் வழக்குத் தொடுத்தார். குண்டளை சி.எஸ்.ஐ. ஆலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியன சான்றுகளாயின. திருமணப் புகைப்படத்தின் உடைகள் ஆராயப்பட்டன. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாததாக்கியது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, ராஜாவின் வெற்றியை உறுதிசெய்தது. குடும்பம் 1950-க்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டதா என்ற கேள்வியும் இடையில் அலசப்பட்டது. ஏனெனில் சாதிச் சான்று மாநில எல்லையைத் தாண்டாது. 1956-இல் வரையப்பட்ட எல்லைக்காக, அதற்கு முன் வந்த ஒரு தொழிலாளிக் குடும்பம் தன் வருகை ஆண்டை நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஒரே மக்களவைத் தொகுதிக்குள் நடந்தவை இவை. 2014-இல் சிரியன் கத்தோலிக்கர்களின் சபை தனக்குப் பிடிக்காத ஒரு கத்தோலிக்கரை வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக்க முடிந்தது. யாரும் யாருடைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்கவில்லை. தோட்டத்துத் தலித் கிறிஸ்தவர்களுக்கோ ஆலயத்தோடான உறவு ஒரு வேட்பாளரைத் தரும் பலமாக இருக்க வழியே இல்லை. அது பட்டியலிலிருந்து நீக்கப்படுவதற்கான ஆதாரமாக மட்டுமே பயன்படும். அவர்களில் பலர் வீட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். குண்டளையின் பதிவேடுகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட பிறகு, தேயிலை மலைகளின் சிற்றாலயங்களில் ஒரு குழந்தையின் பெயரை எழுதப் பேனாவை எடுக்கும் போதகரும் எழுதச் சொல்லும் பெற்றோரும் அந்த வரியை யார் யார் படிப்பார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.